மிரா நகர் ஆயர் புனித நிக்கோலாஸ்

மார்கழிக் குளிரில் பாடற்குழுவினருடன் வந்து நம் குழந்தைகளுக்கு மிட்டாய் வழங்கும் கிறிஸ்மஸ் தாத்தாவை நாம் அனைவரும் அறிவோம். அவர் ஒரு காலத்தில் திருச்சபையின் ஆயராக இருந்தவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இன்றைய துருக்கி நாட்டின் தென்கடற்கரையில், பத்தாரா என்னும் ஊரில், செல்வமுள்ள கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் நிக்கோலாஸ் என்பது மரபு. இளமையிலேயே பெற்றோரை இழந்தார். பின்னர் மிரா நகரின் ஆயரானார். வேத கலாபனையில் சிறைப்பட்டார் என்றும் சொல்வர். 4-ஆம் நூற்றாண்டில் ஒரு டிசம்பர் 6-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அவர் எழுதிய நூல் எதுவும் நமக்குக் கிட்டவில்லை. ஒரே ஒரு செயல்தான் அவர் பெயரை உலகெங்கும் கொண்டுசென்றது.

நொடித்துப்போன ஒரு தகப்பனுக்கு மூன்று குமரிப் பெண்கள். சீதனம் கொடுக்க வழியில்லை. பெண்களைப் பாவத் தொழிலுக்கு அனுப்பிவிடவும் அவர் மனம் துணிந்துவிட்டது. (இந்தச் சீதனத் துயரம் நமக்குப் புதிதல்லவே!) இதை அறிந்த நிக்கோலாஸ், இரவில் யாருமறியாமல் ஒரு பொன்முடிப்பைச் சன்னல் வழியே எறிந்துவிட்டுப் போனார். மூத்தவளுக்குத் திருமணம் நடந்தது. இரண்டாவது பெண்ணுக்கும் அப்படியே. மூன்றாம் முறை தகப்பன் விழித்திருந்து, ஓடிப்போய்க் காலைப் பிடித்துக்கொண்டார். தாம் உயிரோடிருக்கும்வரை யாரிடமும் சொல்லக்கூடாதென்று வாக்கு வாங்கிக்கொண்டே நிக்கோலாஸ் அவரை எழுப்பினார்.

1087-இல் இத்தாலிய மாலுமிகள் அவரது எலும்புகளைப் பாரி நகருக்குக் கொண்டுசென்றனர். டச்சு மக்கள் அவரைச் சிந்தர்கிளாஸ் என்றனர். அதுவே அமெரிக்காவில் சாந்தா கிளாஸ் என மருவியது. 1823-இல் அங்கு வெளியான ஒரு கவிதை அவரைக் கலைமான் வண்டியில் ஏற்றியது. 1863 முதல் தாமஸ் நாஸ்ட் என்னும் ஓவியர் அவரைத் தொந்தியும் தாடியுமாக வரைந்தார். ஆயர்முடியும் கோலும் போயின. 1931-இல் கொக்கோ கோலா நிறுவனம் அவரைத் தன் விளம்பரத்தில் நிறுத்தியது. சிவப்பு உடையே அந்நிறுவனம் தந்ததுதான் என்று சிலர் கூறுவது சரியன்று. அது முன்பே இருந்தது. ஆனால் அவர் கையில் அந்நிறுவனமும் தன் விற்பனைப் பண்டத்தைக் கொடுத்தது.

தம் பெயரை மறைத்துக் கொடுத்தவரின் படம் இன்று தள்ளுபடி அறிவிப்புகளில் தொங்குகிறது. அந்தக் கடைகளில், புத்தாடைக்கும் கேக்குக்கும் வட்டிக்குக் கடன் வாங்கி வந்து நிற்கும் தகப்பன்மார் நம் பங்கிலும் உண்டு.

1969-இல் திருச்சபை நாட்காட்டி திருத்தப்பட்டபோது அவரது திருநாள் விருப்ப நினைவாயிற்று. டிசம்பர் 6 காலைத் திருப்பலிக்கு வருவோர் சிலரே. கடைத்தெருவில் அதற்குள் வியாபாரம் சூடுபிடித்திருக்கும்.