பேக்கர் துரையின் குதிரைகளும் பெயரில்லாத நூறு பேரும்

ஓஹியா வழியாக ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகிறவர்கள் பேக்கர் நீர்வீழ்ச்சியைப் பார்க்காமல் திரும்புவது குறைவு. அந்தப் பெயருக்குரிய சாமுவேல் பேக்கர் 1821இல் லண்டனில் பிறந்தவர். ஆபிரிக்காவில் அல்பேர்ட் ஏரிவரை சென்ற பயணியாக உலகம் அவரை அறியும். பதுளைத் தோட்டமொன்றில் வளர்ந்த எனக்கு அவருடைய இலங்கை வாழ்க்கைதான் முக்கியம். மலையகத்தில் குதிரைக்கு இருந்த மதிப்பையும் மனிதருக்கு இருந்த மதிப்பையும் அதில் அருகருகே பார்க்கலாம்.

1848இல் அவர் நுவரெலியாவில் ஓர் ஆங்கிலேயக் குடியிருப்பை அமைக்க வந்தார். குதிரை, உயர்சாதி மாடு, செம்மறிக் கடாக்கள், வேட்டை நாய்கள் எல்லாம் கப்பலில் வந்தன. அதே காலத்தில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழக மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே மடிந்தார்கள்.

மலைப்பாதையில் குதிரையை விரட்டக் கூடாது. ஏற்றத்தில் அடிக்கடி நிறுத்தி மூச்சுவாங்க விடவேண்டும். களைத்துவிட்டால் இறங்கி, கடிவாளத்தைப் பிடித்து நடத்திச் செல்லவேண்டும். வியர்வை அடங்கும்வரை மெல்ல நடக்கவிட்டு, உடம்பைத் துடைத்து, குளம்பில் கல் சிக்கியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பேக்கர் இங்கிலாந்திலிருந்து கூட்டிவந்த குதிரைக்காரர் பேர்க்ஸுக்கோ அந்தப் பொறுமை இல்லை. இறம்பொடைப் பாதையில் வண்டியும் குதிரைகளும் பள்ளத்தில் விழுந்தன. குதிரைகள் படுமோசமாக அடிபட்டன. பிறகு அனுப்பப்பட்ட யானையையும் அவர் வேகமாக ஓட்டியே சாகடித்தார்.

1855இல் வெளியான தன் நூலில் பேக்கர் இதை வேடிக்கைக் கதையாகச் சொல்கிறார். விழுந்த வண்டியைத் தூக்க அங்கிருந்த துரை ஒருவர் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்களைக் கொடுத்ததும் அதில் வருகிறது. அவர்களை இழிவாகக் குறிப்பிடும் ஒரு வரியைத் தவிர வேறெதுவும் இல்லை. இறம்பொடைக் கோப்பித் தோட்டங்களில் அன்று வேலை செய்தவர்கள் பெரும்பாலும் நடந்துவந்த நம்மவர்கள்தான். பேர்க்ஸுக்குப் பெயர் உண்டு. நூறு பேரில் ஒருவருக்கும் இல்லை.

பேக்கர் ஊவாவின் புல்வெளிகளில் வேட்டையாடினார். 1855இல் நாடு திரும்பினார், 1866இல் சேர் பட்டம் பெற்றார், 1893இல் இறந்தார். அவருக்குப் பிறகும் தோட்டத்துத் துரைமார் குதிரையில்தான் மலையைச் சுற்றினார்கள். அந்தக் குதிரைகளைத் தேய்த்து, கொள்ளு வைத்து, இரவில் காவலிருந்தவர்கள் தமிழ்க் குதிரைக்காரர்கள். குதிரையின் காது மடங்குவதைப் பார்த்தே அதன் மனநிலையைச் சொல்லக்கூடியவர்கள். அவர்களுடைய அறிவை யாரும் எழுதி வைக்கவில்லை. குதிரை நின்ற இடம் லாயம், எங்கள் சனம் வாழ்ந்த இடம் லயம். ஒரு கால்தான் வித்தியாசம். ஒரு முழுக் குடும்பத்துக்கும் கிடைத்தது பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை.

1977இலும் 1983இலும் அடிபட்டு வன்னிக்குப் போன மலையகக் குடும்பங்கள், 2009இல் மீண்டும் எல்லாவற்றையும் இழந்தன. எண்ணிக்கையாக மட்டும் பதிவாவதன் வலி நமக்குப் புதிதல்ல. பேக்கரின் பெயரை ஓர் அருவி சுமக்கிறது. உங்கள் குடும்பத்தில் குதிரைக்காரராக, கங்காணியாக, கொழுந்து பறித்தவராக இருந்தவரின் பெயர் இன்னும் யாருக்காவது நினைவிருந்தால், அதைக் கேட்டு எழுதி வையுங்கள். சொல்லக்கூடிய முதியவர்கள் நாளுக்கு நாள் குறைந்து வருகிறார்கள்.