தம்மைத் தாமே அளந்த அண்ணல்

நம் தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்து உருவான நாள் 2-10-1965. அண்ணல் காந்தியடிகள் பிறந்ததும் ஓர் அக்டோபர் 2-ஆம் நாளே. அவர் தம் நடத்தையை இளமை முதலே எண்ணியும் எழுதியும் வந்தவர் என்பதை நாம் அதிகம் நினைத்துப் பார்ப்பதில்லை.

1869-இல் போர்பந்தரில் பிறந்த மோகன்தாஸ், 15-ஆம் வயதில் அண்ணனின் பொற்காப்பிலிருந்து சிறிது பொன்னைத் திருடினார். மனம் உறுத்தவே, குற்றத்தைத் தாளில் எழுதி, நோயுற்றிருந்த தந்தையிடம் நீட்டினார். தந்தை கடிந்துகொள்ளவில்லை; கண்ணீர் வடித்துத் தாளைக் கிழித்துப் போட்டார். மகன் அதன்பின் திருடவே இல்லை.

1888-இல் சட்டம் பயில இலண்டன் சென்றவர், முதலில் பகட்டான உடைக்கும் நடனப் பயிற்சிக்கும் பணத்தை இறைத்தார். ஆயினும் வண்டிக்கூலி, தபால் செலவு, செய்தித்தாள் என ஒவ்வொரு காசையும் எழுதி, உறங்குமுன் கணக்கை நேர்செய்வார். ஊதாரித்தனத்தை அந்தக் கணக்கே காட்டிக்கொடுத்தது. சிறிய அறைக்கு மாறினார். வண்டியை விட்டு நாள்தோறும் 8 முதல் 10 மைல் நடந்தார்.

1930 மார்ச் 12-ஆம் நாள் 78 தொண்டர்களுடன் தண்டிக்குப் புறப்பட்டார். ஏறத்தாழ 240 மைல் நடைப்பயணம். அந்தக் களைப்பிலும் தொண்டர்கள் நாள்தோறும் நூல் நூற்க வேண்டும், நாட்குறிப்பு எழுத வேண்டும் என்பது அவர் விதித்த ஒழுங்கு. 1948 ஜனவரி 30-ஆம் நாள் அவர் மறைந்தார்.

பழக்கத்தை மாற்ற விரும்புவோருக்கு இன்றைய உளநூலாரும் இதையே சொல்கின்றனர். மாற்றுமுன், அது நாளுக்கு எத்தனை முறை, எப்போது, எச்சூழலில் நிகழ்கிறது என்று ஒரு வாரம் குறிக்க வேண்டும். ‘நான் சோம்பேறி’ என்று எழுதினால் அதை எண்ண முடியாது. ‘படிக்கும்போது நான்கு முறை எழுந்து போனேன்’ என்றால் எண்ணலாம். அடுத்த வாரம் ஒப்பிடலாம். குறித்து வருவதாலேயே சில பழக்கங்கள் குறைவதும் உண்டு.

ஆனால் உண்மையை எழுதினால் அடி விழும் என்றால் யார் உண்மையை எழுதுவார்? ஆகவே அன்புத் தோழியரே, இன்றிரவே நம் குறையொன்றைத் தேர்ந்து குறிக்கத் தொடங்குவோம். அந்த ஏட்டை நாம் நீட்டும் நாளில், பெற்றோரும் ஆசிரியரும் அந்தத் தந்தையைப் போல் வாங்கிக்கொள்வார்களாக!