ஜே.பி.எல்: இந்த மூணு எழுத்துக்குப் பின்னாடி ஒரு மனுஷர் இருந்தார்!

பஸ்ல பக்கத்து சீட்டுக்காரர் மடியிலோ, ஹாஸ்டல் ரூம் ஜன்னல்லயோ ஒரு ஜே.பி.எல் புளூடூத் ஸ்பீக்கரைக் கண்டிப்பா பார்த்திருப்பீங்க. இப்போ இதைப் படிக்கிற உங்க பையிலேயே ஒண்ணு இருக்கலாம். சில ஆயிரம் ரூபாய்க்கு ஆன்லைன்ல கிடைக்குது. மழையில நனைஞ்சாலும் பாடுது. ஆனா, இதே பெயர்ல ஜோடி சுமார் 60,000 டாலருக்கு ஒரு ஸ்பீக்கர் வந்ததுன்னு சொன்னா நம்புவீங்களா? வந்தது, 2006-ல். அன்றைய கணக்கில் கால் கோடி ரூபாயைத் தாண்டும்!

ஹை-எண்ட் ஆடியோ ரசிகர்கள்கிட்ட இந்தப் பேச்சை எடுத்தா பலர் மூக்கைச் சுளிப்பாங்க. தெருவுக்குத் தெரு கிடைக்கிற பிராண்டு எப்படி உசத்தியா இருக்க முடியும்கிறது அவங்க வாதம். நியாயமான கேள்விதான். பதில் வேணும்னா, இந்த மூணு எழுத்துக்குச் சொந்தக்காரரான ஜேம்ஸ் பி. லான்சிங்கைத் தெரிஞ்சுக்கணும்.

லான்சிங் என்பது அவர் பிறந்தப்போ வெச்ச பெயர் இல்லை. 1902-ல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில், ஒரு பெரிய குடும்பத்தில் ஜேம்ஸ் மார்ட்டினியாகப் பிறந்தார். சின்ன வயசுலயே ரேடியோ பைத்தியம். 12 வயசு வாக்கில் அவரே செய்த டிரான்ஸ்மிட்டரின் சிக்னல் தூரத்துக் கடற்படை நிலையம்வரை போய், அதிகாரிகள் வீட்டுக்கே வந்து அதைக் கழற்ற வெச்சாங்கன்னு ஒரு கதை சொல்வாங்க. இளைஞரானதும் கார் மெக்கானிக் வேலை. 1924-ல் அம்மா இறந்த பிறகு ஊரைவிட்டுக் கிளம்பி, சால்ட் லேக் சிட்டிக்குப் போனார். அங்கே கென் டெக்கர் என்ற நண்பர் கிடைத்தார். இரண்டு பேரும் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போய், 1927-ல் ஸ்பீக்கர் கம்பெனி ஆரம்பிச்சாங்க. அப்போதான் மார்ட்டினி, லான்சிங் ஆனார்.

அந்த வருஷத்தைக் கவனிங்க. ஹாலிவுட் படம் பேச ஆரம்பிச்சதும் அதே 1927-லதான். படம் பேச ஆரம்பிச்சுடுச்சு. ஆனா, பெரிய தியேட்டரில் கடைசி வரிசைவரை வசனம் தெளிவாகக் கேட்கணுமே? எம்.ஜி.எம் ஸ்டூடியோவின் ஒலிப்பிரிவுத் தலைவர் டக்ளஸ் ஷீரர், புதுசா ஒரு தியேட்டர் ஸ்பீக்கர் செய்ய முடிவு பண்ணினார். அதுக்கான டிரைவர்களைச் செய்து கொடுத்தது லான்சிங் கம்பெனி. ஷீரர் ஹார்ன் என்ற அந்த அமைப்புக்கு 1936-ல் ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருதும் கிடைத்தது.

ஹார்ன்னா என்னன்னு நமக்குச் சொல்லித்தரத் தேவையே இல்லை. திண்டிவனம் பக்கம் பிரம்மதேசம் மாதிரி ஊர்ல திருவிழான்னா, மைக் செட்காரர் கம்பத்துல கட்டுற கூம்பு ஸ்பீக்கர் இருக்கே... அதேதான். பின்னாடி இருக்கிற சின்ன டிரைவர் காற்றை அழுத்தித் தள்ளும். கூம்பு அதை விரிச்சு வயல் தாண்டிக் கொண்டுபோகும். கொஞ்சம் கரன்ட், நிறைய சத்தம். ஆனா, நம்ம கூம்புல பாட்டு தகர டப்பாவில் அடைச்ச மாதிரி கேட்கும், அடித்தொனி வராது. ஷீரர் ஹார்ன் வேலையைப் பங்குபோட்டது. தாழ்ந்த ஒலிக்குப் பெரிய கூம்பும் பெரிய காகிதக் கோனும். உயர்ந்த ஒலிக்குத் தனி டிரைவர், தனி ஹார்ன். அந்தச் சின்ன டிரைவரை மில்லிமீட்டர் பிசகாமல் செய்வதுதான் லான்சிங்கோட கைவரிசை.

கை அப்படி. கணக்கு? அது சுத்தமா வரலை. கணக்கு வழக்கைப் பார்த்துக்கொண்ட டெக்கர் 1939-ல் விமான விபத்தில் இறந்தார். கம்பெனி ஆட்டம் கண்டது. 1941-ல் ஆல்டெக் என்ற நிறுவனம் அதை வாங்கி, பெயரை ஆல்டெக் லான்சிங் என்று மாற்றியது. (ஆமாங்க, 2000-களில் வீட்டு கம்ப்யூட்டர் பக்கத்துல இருந்த அதே ஆல்டெக் லான்சிங்தான். ஒரே மனுஷரோட பெயர்ல ரெண்டு பிராண்டு!) அங்கே சம்பளக்கார இன்ஜினீயராக ஐந்து வருஷம் இருந்தவர், ஒப்பந்தம் முடிந்ததும் 1946-ல் வெளியேறித் தனிக்கடை போட்டார். கம்பெனிக்கு லான்சிங் சவுண்ட்னு பெயர் வெச்சா, ஆல்டெக் சும்மா இருக்குமா? அந்தப் பெயரை ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியாச்சே! தன் பெயருக்கே சண்டைபோட்டு, கடைசியில் ஜேம்ஸ் பி. லான்சிங் சவுண்ட் என்று முழுசா எழுதிக்கொள்ள வேண்டியதாப்போச்சு.

இங்கேதான் டி130 பிறந்தது. 15 இன்ச் ஸ்பீக்கர். அதன் நடுவில் இருக்கும் காயில் 4 இன்ச் அகலம். வழக்கமான உருண்டைக் கம்பிக்குப் பதிலா தட்டையான கம்பியை விளிம்பில் நிறுத்திச் சுற்றினார். அதே இடத்தில் அதிக உலோகம், அதிக பலம். பின்னாளில் எலெக்ட்ரிக் கிடார் ஆம்ப்ளிஃபயர்களுக்குள்ளும் அது புகுந்தது. ஆனா, அதையெல்லாம் பார்க்க அவர் இல்லை. பொருள் நல்ல பொருள்தான், கடன்தான் ஏறிக்கொண்டே போனது. 1949 செப்டம்பரில், 47 வயதில், லான்சிங் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

அடுத்து நடந்தது இன்னும் மனசை அறுக்கும். அவர் பெயரில் இருந்த 10,000 டாலர் இன்ஷூரன்ஸ் பணம்தான் கம்பெனியைக் கரை சேர்த்தது. கணக்குத் தெரிந்த வில்லியம் தாமஸ் பொறுப்பேற்றார். பெயர் ஜே.பி.எல் என்று சுருங்கியது, வியாபாரம் விரிந்தது. 1957-ல் வந்த பாராகான், சோபாவைவிட நீளமான மரச்சாமான் மாதிரி இருக்கும். 1969-ல் சிட்னி ஹர்மன் வாங்கினார். 1970-ல் வந்த எல்100 வீடுகளில் சக்கைப்போடு போட்டது. 2017-ல் ஹர்மன் நிறுவனத்தையே சாம்சங் வாங்கியது. இப்போ நீங்க பையில மாட்டியிருக்கிறது அந்த வம்சத்துக் கடைக்குட்டி.

சரி, இப்போ கேள்விக்கு வருவோம். ஹர்மன் ஆய்வகத்தில் ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் இருவரும் 1994-ல் வெளியிட்ட ஒரு சோதனை இருக்கு. கம்பெனி ஊழியர்களையே உட்கார வெச்சு, ஸ்பீக்கர்களைக் கண்ணால் பார்த்துக் கேட்கச் சொன்னாங்க. திரைக்குப் பின்னால் மறைச்சு வெச்சும் கேட்கச் சொன்னாங்க. கண்ணால் பார்த்தப்போ, பெரிய காஸ்ட்லி ஸ்பீக்கர்கள் மார்க்கை அள்ளிச்சு. திரை விழுந்ததும், ஓரமா கிடந்த சின்ன மலிவு செட் மேலே ஏறிடுச்சு! பிராண்டைப் பார்த்து மூக்கைச் சுளிக்கிறவங்க காதால சுளிக்கிறாங்களா, கண்ணால சுளிக்கிறாங்களான்னு நீங்களே யோசிங்க.

அதுக்காக உங்க புளூடூத் டப்பாவும் அந்தக் கால் கோடி ஸ்பீக்கரும் ஒண்ணுன்னு சொல்ல வரலை. அவ்வளவு சின்னப் பெட்டியால அத்தனை காற்றைத் தள்ள முடியாது. ஆனா, டப்பா வித்த காசுதான் இந்த மாதிரி ஆய்வகங்களையும் நடத்துதுங்கிறது என் கட்சி. தனியா நின்ன லான்சிங்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

மற்ற பெரிய பிராண்டுகளுக்கு உசத்தியான மேடையில் ஏற அடுத்தவர் பெயர் தேவைப்படுது. வங்காள அப்பாவுக்குப் பிறந்த அமர் போஸ் தொடங்கிய போஸ் நிறுவனம், 2024-ல் மெக்கின்டோஷ் குழுமத்தை வாங்கிப்போட்டது. ஹர்மனும் 2025-ல் பவர்ஸ் அண்டு வில்கின்ஸை வளைச்சது. ஜே.பி.எல்-லுக்கு மட்டும் அந்த அவசியம் இல்லை. அது மேலே பிறந்து கீழே இறங்கிவந்த பெயர்.

2006-ல் கம்பெனியின் 60-வது வருஷத்துக்காகச் செய்த அந்தக் கால் கோடி ஸ்பீக்கரின் பெயர் எவரெஸ்ட் டிடி66000. மேலே ஹார்ன், கீழே இரண்டு 15 இன்ச் கோன். பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு கோனுக்கும் நடுவில், தட்டைக் கம்பியை விளிம்பில் நிறுத்திச் சுற்றிய 4 இன்ச் காயில்.