இப்னு பதூதாவும் சிவனொளிபாத யாத்திரையும்

பரளச்சியினின்றும் திருச்சுழிக்குக் கோடையிற் கால்நடையாகச் சென்றோர், கரிசல் வெடிப்பின் வெம்மையையும் ஓர் உடைமர நிழலின் அருமையையும் நன்கறிவர். இத்தகைய வானம் பார்த்த சீமைகளிலிருந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில், பஞ்சத்தால் நலிந்த ஏழை மக்கள் பல்லாயிரவர் இலங்கை மலைத்தோட்டங்களுக்குச் சென்றனர். மன்னார்க் கரையினின்றும் காட்டு வழியே நடந்து, நோயாலும் பசியாலும் இடைவழியில் மாண்டோர் பலர். எஞ்சியோரின் வழித்தோன்றல்கள் இன்றும் தேயிலைச் சரிவுகளில் நின்று அண்ணாந்து நோக்கும் சிகரங்களுள் ஒன்று சிவனொளிபாதமலை. அம்மலையை ஏறக்குறைய அறுநூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஏறிக் கண்டு, அதன் வழியை உலகிற்கு உரைத்த ஒரு யாத்திரிகரின் வரலாற்றை ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

இப்னு பதூதா என்பார் கி.பி. 1304ஆம் ஆண்டு, மொராக்கோ நாட்டுத் தாஞ்சியர் நகரிற் பிறந்தவர். நீதி நூல் வல்ல குடும்பத்தினர். 1325இல், தமது இருபத்தோராம் வயதில், மக்கா யாத்திரையின் பொருட்டுத் தனியராய் இல்லம் நீங்கினார். சென்ற கால் நிற்கவில்லை. பாரசீகம், கீழை ஆப்பிரிக்கா, நடு ஆசியா எனப் பல நாடுகளிற் சுற்றி, 1333இல் சிந்து நதியை அடைந்தார். தில்லியில் முகம்மது பின் துக்ளக்கின்கீழ் நீதிபதியாய் அமர்ந்தார். 1342இல் அவ்வரசரின் தூதராகச் சீனத்திற்குப் புறப்பட்டவர், கோழிக்கோட்டுத் துறையில் மரக்கலம் அழியக் கண்டு, யாவும் இழந்து மாலத்தீவு சேர்ந்தார். அங்கும் நீதிபதியாயிருந்து, அமைச்சருடன் பிணங்கி, 1344இல் நீங்கினார். தமிழகம் நோக்கி வந்த அவர்தம் கலத்தைக் காற்று இலங்கைக் கரைக்கு ஒதுக்கிற்று.

புத்தளத்தில் அவரை வரவேற்றவர் தமிழ் வேந்தரான ஆரியச்சக்கரவர்த்தி. அவர் பாரசீக மொழி அறிந்தவர். ஆகலின் இருவரும் மனமொத்து உரையாடினர். மன்னர் முத்துக்களைக் காட்டி, வேண்டுவதைக் கேட்குமாறு பணித்தார். இப்னு பதூதா வேண்டியது ஒன்றே: மலைமேலுள்ள திருவடிச் சுவட்டைக் காண வழி. மன்னர் ஒரு சிவிகையை நல்கி, ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் யோகியர் நால்வரையும், அந்தணர் மூவரையும், தம் பரிவாரத்தினர் பதின்மரையும், உணவு சுமப்பார் பதினைவரையும் உடன் அனுப்பினார். ஒரு முஸ்லிம் யாத்திரிகருக்குச் சைவ மன்னர் அளித்த வழித்துணை இது!

அவ்வழியில் நீருக்குக் குறைவில்லை, அச்சத்திற்கும் குறைவில்லை. சிலாபம் கடந்ததும் யானைக் காடு தொடங்கிற்று. பண்டு ஷீராஸ் நகரப் பெரியார் ஒருவர் அடியார் சிலருடன் அக்காட்டில் வழி தப்பினார் என்றும், அவர் தடுத்தும் கேளாது பசியால் யானைக் கன்றைக் கொன்று தின்றோரை யானைகள் இரவில் மோந்தறிந்து மாய்த்தன என்றும், தின்னாத பெரியாரை முதுகில் ஏற்றி ஊர் சேர்த்தன என்றும் ஒரு கதையை இவர் பதிந்துள்ளார். கதை எவ்வாறாயினும், காட்டிற்கு ஒரு நீதி உண்டென்னும் கருத்து அதில் அடங்கியிருத்தலைக் காண்கின்றோம்.

மலையடிவாரத்தில் அவர் கண்ட பிறிதொரு விந்தை அட்டை. நம் கண்மாய் நீரில் அட்டை உண்டு. ஆயின் புல்லினின்றும் மரத்தினின்றும் ஆள்மேல் துள்ளும் அட்டையை நாம் அறியோம். ஆங்குச் செல்வோர் எலுமிச்சங்கனியை முன்னரே கையிற் கொள்வர். அட்டை பற்றிய இடத்தில் சாற்றைப் பிழிந்தால் அது கழன்று விழும். பின்னர் அவ்விடத்தை மரக்கத்தியாற் சுரண்டுவர். தாடியுடைய கருங்குரங்குகளையும், அங்கையளவு அகன்ற செம்மலர்களையும் அவர் வியந்துரைத்தார். அம்மலர் காட்டுப் பூவரசின் மலராகலாம் என்பது நம் எண்ணம்.

சிகரத்தின் உயரம் 7,359 அடி. ஏறுதற்கு இரு வழிகள் இருந்தன. ஆதமின் பெயரால் வழங்கிய வழி கடியது; ஏவாளின் பெயரால் வழங்கியது எளியது. எளிய வழியால் ஏறியவரை யாத்திரை செய்தவராகவே எண்ணார். ஆகவே இவர் கடிய வழியை மேற்கொண்டு, பாறையிற் பதித்த இரும்புச் சங்கிலிகளைப் பற்றி ஏறினார். ஆங்குச் சிவிகை ஏது? மன்னர் விருந்தினரும் சுமைகாரரும் ஒரே சங்கிலியைப் பற்றியன்றோ ஏறல் வேண்டும்! உச்சியிலுள்ள சுவட்டை முஸ்லிம்கள் ஆதமுடையது என்பர். பௌத்தர் புத்தருடையது என்பர். சைவர் சிவனுடையது என்பர். கிறிஸ்தவருள் சிலர் தோமையாருடையது என்பர். கருத்து நான்காயினும் சிகரம் ஒன்றே.

பிற சமயத்தாரைப் பற்றி எஞ்ஞான்றும் நடுநிலையோடு பேசியவர் இவர் என்று நாம் சொல்லோம். கடுஞ்சொற்களும் இவர் நூலில் உண்டு. எனினும் இத்தீவினர் முஸ்லிம் துறவியரைத் தம் இல்லத்தில் ஏற்று, ஐயமின்றி உண்டி அளித்தனர் என்பதை மறைக்காது எழுதினார்.

பின்னர்க் கடலிற் கலம் உடைய, உயிர் தப்பித் தமிழ்க் கரை சேர்ந்து, உறவினரான மதுரைச் சுல்தானின் பாசறையை அடைந்தார். ஆங்குப் பெண்டிரும் சிறுவரும் கொடுங்கொலை செய்யப்படுவதைக் கண்டு உள்ளம் நடுங்கினார். தம் சமயத்தவனே, தம் உறவினனே ஆயினும், அக்கொடுமையை இழிந்ததென்றே எழுதி வைத்தார். மதுரையில் கொள்ளைநோய் பரவ, அதனை விட்டு நீங்கினார். மேலைக் கடலில் கொள்ளையர் அவரை மறித்து, ஆரியச்சக்கரவர்த்தி அளித்த மணிகளையும் உடைகளையும் பறித்து, காற்சட்டை ஒன்றோடு கரையில் விட்டனர்.

இவ்வளவும் இழந்தவர் சீனமும் கண்டு, 1349இல் தாய்நாடு மீண்டார். பின்னும் ஆப்பிரிக்கப் பாலையைக் கடந்து மாலி நாடு சென்று வந்தார். பேஸ் நகரில் மன்னர் ஆணைப்படி இப்னு ஜுசை என்னும் புலவர் எழுத, தம் யாத்திரையைச் சொல்லி 1355இல் முடித்தார். 1368இலோ அடுத்த ஆண்டிலோ காலமானார்.

மன்னர் தந்த மணிகள் கடற்கொள்ளையரோடு போயின; எலுமிச்சங்கனியும், இரும்புச் சங்கிலியும், அந்நியர் இட்ட உண்டியும் நினைவில் நின்றன. ஆயின் அவரை நடத்திச் சென்ற யோகியர் நால்வர் பெயரை அவர் எழுதவில்லை. காட்டு வழியில் மாண்ட நம் சீமை மக்களின் பெயரையும் எவரும் எழுதவில்லை. அவர்க்கு மன்னர் தந்த துணையும் இல்லை. கங்காணியின் பின்னேதான் நடந்தனர். விடுமுறையில் மலையும் தீவும் காணச் செல்லும் மாணவ நண்பர்காள்! வழிகாட்டுவோரின் பெயரை முதலிற் கேட்டறிந்து, குறிப்பேட்டின் முதல் வரியில் எழுதுமின். அதுவே நாம் இவ்வரலாற்றினின்றும் கொள்ளத்தக்க பாடம்.