28 டாலரில் ஒரு குட்டி வீடு... ஆனா, நிலம் யாரோடது? - தோரோவின் வால்டன் கதை

சொந்தமா ஒரு துண்டு நிலம். அதுல நிரந்தரமா நிறுத்திவெச்ச ஒரு கேரவன். உள்ளேயே கட்டில், அடுப்பு, மேஜை. வாடகை இல்லை, இ.எம்.ஐ இல்லை. இப்படி வாழும் அமெரிக்கர்களோட ரீல்ஸ் உங்க ஃபீட்லயும் கண்டிப்பா வந்திருக்கும். நாமளும் இப்படிக் கிளம்பிடலாமான்னு ஒரு நிமிஷமாவது யோசிச்சிருப்பீங்க.

இந்த ஆசைக்கு வயசு கிட்டத்தட்ட 180. கேரவனுக்குப் பதிலா ஒரு மர வீடு, அவ்வளவுதான் வித்தியாசம். அதைக் கட்டி, வாழ்ந்து பார்த்து, ஆணி வாங்கின செலவு வரைக்கும் எழுதிவெச்சவர் ஹென்றி டேவிட் தோரோ.

பென்சில் வீட்டுப் பையன்

1817 ஜூலை 12-ம் தேதி, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் உள்ள கான்கார்ட் என்ற சின்ன ஊரில் பிறந்தார் தோரோ. அப்பா பென்சில் தயாரிப்பவர். அம்மா வீட்டிலேயே ஆட்களைத் தங்கவைத்துச் சாப்பாடு போட்டுச் சம்பாதித்தார். ஆக, சின்ன வயசிலிருந்தே தோரோ பார்த்தது எப்போதும் ஆட்கள் நிறைந்த வீட்டைத்தான்.

ஹார்வர்டில் படித்து முடித்து, ஊரில் ஆசிரியர் வேலைக்குச் சேர்ந்தார். பிள்ளைகளை அடிக்கச் சொன்னார்கள். சில வாரங்களிலேயே வேலையை விட்டுவிட்டார். பிறகு அண்ணன் ஜானுடன் சேர்ந்து சொந்தமாகப் பள்ளி நடத்தினார். 1839-ல் இருவரும் படகில் இரண்டு வாரம் ஆற்றுப் பயணம் போனார்கள். தம்பிக்கு அண்ணன்தான் நெருங்கிய நண்பன்.

1842 ஜனவரியில் எல்லாம் மாறியது. ஷேவிங் கத்தி பட்டு ஜானின் விரலில் ஒரு சின்னக் காயம். அது டெட்டனஸில் முடிந்தது. தம்பியின் கைகளிலேயே உயிர் போனது. அண்ணனுடன் போன அந்தப் படகுப் பயணத்தைப் புத்தகமாக எழுத வேண்டும் என்ற நினைப்பு தோரோவை விடவே இல்லை. ஆனால், எழுத நேரமும் தனிமையும் வேண்டுமே?

ஒரு டாலர் பெட்டி

அந்தக் காலத்தில் கான்கார்ட் பக்கம் ஒரு சாதாரண வீட்டின் விலை சுமார் 800 டாலர். ஒரு தொழிலாளி அதைச் சேர்க்க 10 முதல் 15 வருடங்கள் உழைக்க வேண்டும் என்று தோரோ கணக்குப் போட்டார். வாழ வேண்டிய வயசெல்லாம் கூரைக்கே போய்விடும் என்பது அவரை உறுத்தியது.

ரயில் பாதை ஓரத்தில் தொழிலாளர்கள் கருவிகளைப் பூட்டிவைக்கும் பெரிய மரப்பெட்டிகள் இருக்கும். ஆறடி நீளம், மூன்றடி அகலம். ஒரு டாலருக்கு அப்படியொன்றை வாங்கி, காற்றுக்கு நாலு ஓட்டை போட்டு, ராத்திரியில் உள்ளே படுத்துக்கொண்டால்கூட கடனில்லாமல் வாழலாமே என்று யோசித்தவர் அவர். இன்றைய கேரவன் வாழ்க்கையின் தாத்தா ஐடியா இதுதான்!

பெட்டி கடைசியில் வீடாக வளர்ந்தது. நண்பரும் வழிகாட்டியுமான எழுத்தாளர் எமர்சன், 1844-ல் வால்டன் குளத்தங்கரையில் நிலம் வாங்கியிருந்தார். அதில் வீடு கட்டிக்கொள்ளத் தோரோவுக்கு அனுமதி கிடைத்தது. வாடகை கிடையாது.

1845 மார்ச்சில், இரவல் வாங்கிய கோடரியுடன் பைன் மரங்களை வெட்ட ஆரம்பித்தார். பலகைக்காக, ரயில் பாதையில் வேலை பார்த்த ஓர் ஐரிஷ் தொழிலாளியின் குடிசையை 4 டாலர் 25 சென்ட்டுக்கு வாங்கிப் பிரித்தார். குழந்தையோடு இருந்த அந்தக் குடும்பம், தங்கள் உடைமைகளை ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பிப்போனது. ஒருத்தர் இஷ்டப்பட்டுத் தேடிப் போன எளிமை, இன்னொருத்தருக்கு வேற வழியே இல்லாத வாழ்க்கையா இருந்தது.

கணக்கு வழக்கு

15 அடி நீளம், 10 அடி அகலம். ஒரு கதவு, ரெண்டு பெரிய ஜன்னல், ஒரு கணப்பு அடுப்பு. உள்ளே கட்டில், மேஜை, எழுதும் மேஜை, மூணு நாற்காலி. மொத்தச் செலவு 28 டாலர் 12½ சென்ட். ஹார்வர்டில் ஒரு மாணவர் ஒரு வருஷத்துக்குக் கொடுத்த அறை வாடகையே 30 டாலர்! ஜூலை 4-ம் தேதி குடியேறினார்.

இரண்டரை ஏக்கரில் முக்கியமாக பீன்ஸ் பயிரிட்டார். முதல் வருஷ விவசாய லாபம் 8 டாலர் 71½ சென்ட். நில அளவை, தச்சு வேலை என்று கூலி வேலைகளும் பார்த்தார். வருஷத்துக்கு ஆறு வாரம் உழைத்தால் செலவைச் சமாளிக்கலாம் என்பது அவர் கண்டுபிடித்த கணக்கு. மீதி நேரம் எழுத்துக்கும் நடைக்கும்.

காட்டுக்குள்ள ஒளிஞ்சு வாழ்ந்தாரோன்னு நினைக்காதீங்க. ஊர் ஒன்றரை மைல்தான். நண்பர்கள் வந்துபோனார்கள். அம்மா வீட்டுச் சாப்பாடும் உண்டு. துணி துவைக்கிற வேலை பெரும்பாலும் வெளியேதான் நடந்தது, அதுக்கான பில் இன்னும் வரலைன்னு அவரே கணக்கில் எழுதியிருக்கிறார்.

அங்கே இருந்தபோதுதான், 1846 ஜூலையில், அடிமை முறையை அனுமதிக்கும் அரசுக்கு வரி கட்ட மாட்டேன் என்று ஓர் இரவு சிறையில் இருந்தார். அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை, பின்னாளில் தென்னாப்பிரிக்காவில் இருந்த காந்தியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

வீடு போன பாதை

2 வருஷம், 2 மாதம், 2 நாள். 1847 செப்டம்பர் 6-ம் தேதி தோரோ கிளம்பிவிட்டார். எமர்சன் ஐரோப்பா போகவிருந்ததால், அவர் குடும்பத்துக்குத் துணையாக அந்த வீட்டுக்கே குடிபோனார். அண்ணனைப் பற்றிய புத்தகத்தின் கையெழுத்துப் பிரதி தயாராகியிருந்தது.

வந்த வேலை முடிந்தது. ஆனால், வீடு? நிலம் எமர்சனுடையது, வீடும் அவர் கைக்கே போனது. அவருடைய தோட்டக்காரர் அதைப் பக்கத்தில் நகர்த்திப் பார்த்தார், குடும்பத்தோடு குடியேற முடியவில்லை. 1849-ல் விவசாயிகள் வாங்கி, ஊரின் மறுபக்கம் இழுத்துப்போய்த் தானியம் கொட்டிவைத்தார்கள். 1868-ல் பிரித்தேவிட்டார்கள். உலகமே பேசும் அந்த வீடு, மாட்டுக் கொட்டகைக்குப் பலகையாகப் போய் முடிந்தது.

அண்ணனுக்காக எழுதிய புத்தகம் 1849-ல் வந்தது. 1,000 பிரதிகளில் 706 விற்காமல் அவரிடமே திரும்பி வந்தன. அச்சுச் செலவுக்காக அவர் கட்டியது 290 டாலர். கடனே வேண்டாம் என்று கட்டிய வீட்டைப்போலப் பத்து மடங்கு! நில அளவை வேலை பார்த்து அதை அடைத்தார். குளத்தங்கரை வாழ்க்கையைச் சொல்லும் 'வால்டன்' 1854-ல் வெளியானது. அதன் 2,000 பிரதிகள் விற்கவும் சில வருஷங்கள் ஆயின.

கடைசி வரை அவர் வாழ்ந்தது பெற்றோரின் வீட்டில்தான். 1862 மே 6-ம் தேதி காசநோயால் இறந்தபோது வயசு 44.

ரீல்ஸ் பார்த்துட்டு கேரவன் விலையை கூகுள் பண்றதுக்கு முன்னாடி, தோரோவோட கணக்கை ஒருமுறை பாருங்க. அதுல ஆணிக்கு விலை இருக்கு, செங்கலுக்கு இருக்கு, நிலத்துக்கு மட்டும் இல்லை. அதை ஒரு நண்பர் கொடுத்தார். குட்டி வீட்டை யார் வேணா கட்டிடலாம். அதை எங்கே நிறுத்துறோம், எத்தனை நாளைக்கு நிறுத்த முடியும்ங்கறதுதான் பெரிய செலவு. அதோட இன்னொண்ணு... தோரோ அங்கே போனது செலவைக் குறைக்க மட்டும் இல்லை. மிச்சமான நேரத்துல என்ன செய்யணும்னு அவருக்குத் தெரிஞ்சிருந்தது. அண்ணனைப் பத்தி எழுத வேண்டியிருந்தது; எழுதி முடிச்சார்.