அன்னையரை எழுதிய வை.மு.கோ.

தமிழ்ப் புதின உலகில் வை.மு.கோ. என மூன்றெழுத்தால் அறியப்பெற்ற கோதைநாயகி அம்மாள், 1901 டிசம்பர் 1ஆம் நாள் பிறந்தார். ஒரு வயதளவிலேயே அன்னையை இழந்து, பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தார். ஐந்தரை வயதில் திருவல்லிக்கேணி வை.மு. பார்த்தசாரதிக்கு மனைவியானார். பள்ளிப் படிப்பில்லை. கதை புனையத் தெரிந்தவருக்கு எழுதத் தெரியாது. முதல் நாடகமாகிய ‘இந்திர மோகனா’வை அவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதிக்கொண்டார். எழுத்துப் பின்னரே கைவந்தது; வந்தபின் 115 புதினங்கள்!

1925இல் ‘ஜகன்மோகினி’ இதழை வாங்கி, முப்பதாண்டுகளுக்கு மேல் நடத்தினார். பெண் கதை எழுதுவதே குற்றமென்று ஊர் ஏசிய காலம். இளமை மணம், கைம்மைத் துயர், தாய்மையின் தவிப்பு என இல்லங்கள் மூடிமறைத்தவற்றையே அவர் பொருளாக்கினார். அறிவுரை மிகுதி என்னும் குறை உண்மைதான். ஆயினும் அடுக்களைப் பெண்களை வாசகராக்கியதில் அவருக்கு இணையானோர் சிலரே. விடுதலைப் போரில் சிறை புகுந்தபோதும் எழுத்து நிற்கவில்லை.

1956இல் ஒரே மகன் ஸ்ரீநிவாசன் மறைந்தார். அத்துயரிலிருந்து அவர் மீளவேயில்லை. காசநோயும் பற்றிக்கொள்ள, 1960 பிப்ரவரி 20ஆம் நாள் காலமானார்.

அவருடைய ‘தயாநிதி’ 1966இல் ‘சித்தி’ என்னும் திரைப்படமாயிற்று. மூத்தாள் மக்களைத் தன் மக்களாகக் கொண்ட சிற்றன்னையாகப் பத்மினி நடித்தார். அதைக் காணக் கதாசிரியர் இல்லை.