தோற்ற வழக்கின் நாயகர் ஜேம்ஸ் ஓட்டிஸ்

அமெரிக்க சுதந்திரப் போர் என்றதும் ஜோர்ஜ் வாஷிங்டனின் பெயரே நம் நினைவில் எழும். அப்போர் மூளுவதற்கு 14 ஆண்டுகள் முன்னரே பொஸ்டன் நகரில் ஒரு வழக்கை வாதாடித் தோற்ற நியாயதுரந்தரர் ஒருவரை நம்மவரிற் பலர் அறியார். அவரே ஜேம்ஸ் ஓட்டிஸ்.

1725இல் மசச்சூசெற்ஸில் பிறந்து, ஹாவார்ட் கல்லூரியிற் கற்றுத் தேறிய இவருக்கு, கடல்சார் நீதிமன்றில் அரசாங்க வழக்குரைஞர் பதவி கிடைத்தது. அது நிலைக்கவில்லை.

அக்காலத்தில் சுங்க அதிகாரிகளிடம் ஒருவகைக் கட்டளைப் பத்திரம் இருந்தது. இன்னார் வீடு, இன்ன பொருள் என்று அதில் எழுதப்பட்டிராது. அதைக் காட்டி எவர் வீட்டிலும் கடையிலும் புகுந்து சோதனையிடலாம். மன்னர் இறந்து ஆறு மாதம் வரையே அது செல்லும். 1760இல் இரண்டாம் ஜோர்ஜ் மன்னர் இறக்கவே, புதிய பத்திரங்கள் கோரப்பட்டன. அவற்றுக்காக வாதாடவேண்டிய ஓட்டிஸோ பதவியைத் துறந்து, வியாபாரிகளின் பக்கம் நின்றார், கூலியும் வேண்டாமென்றாராம். எதிர்த்தரப்பில் வாதாடியவர் அவருக்குச் சட்டம் பயிற்றிய ஆசான் கிறிட்லி! தந்தையார் எதிர்பார்த்த பிரதம நீதியரசர் பதவி ஹச்சின்சனுக்குப் போன கோபமே இதற்குக் காரணமென்று பகைவர் பேசினர். சிறிது உண்மை இருக்கலாம். ஆயினும் வெறுங்கோபம் நாலைந்து மணி நேரம் சட்டம் பேசாது.

1761 பெப்ரவரியில் நடந்த அவ்வாதத்தை மூலையிலிருந்து கேட்ட இளைஞர் ஜோன் அடம்ஸ், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியானார். சுதந்திர எண்ணம் பிறந்தது அன்றே என முதுமையில் எழுதினார். தீர்ப்போ அரசுக்கே சாதகமாயிற்று. அத்தகைய பொதுச் சோதனைப் பத்திரங்களைத் தடுக்கும் விதி 1791இல் அமெரிக்க அரசியலமைப்பில் ஏறியது.

1764இல் வெளியிட்ட சிறுநூலில், மக்கட் பிரதிநிதிகளின்றி வரி விதித்தல் தகாதென வாதித்தார். வெள்ளையரைப் போலவே கறுப்பரும் பிறப்பால் சுதந்திரர் என்றும் எழுதினார். மனிதரைச் சந்தையில் விற்ற காலமது!

1769இல் கோப்பிக்கடையொன்றில் சுங்க ஆணையாளர் றொபின்சனுடன் கைகலப்பு நேர்ந்து, தலையிற் பலத்த அடிபட்டது. முன்னரே தளும்பிய சித்தம் பின்னர் முற்றும் கலங்கிற்று. நீதிமன்று விதித்த 2,000 பவுண் நட்டஈட்டையோ, எதிரி மன்னிப்புக் கேட்டதும், வழக்குச் செலவு தவிர வேண்டாமென விட்டுவிட்டார்.

மின்னல் தாக்கி இறக்கவேண்டுமென்று தங்கையிடம் அவர் சொல்வதுண்டாம். 1783 மே 23ஆம் நாள், அன்டோவர் கிராமத்து வீடொன்றின் வாசலில் நின்றபோது இடி விழுந்தது. உள்ளேயிருந்தோர் எவருக்கும் காயமில்லை. ஓட்டிஸ் மட்டுமே மாண்டார்.